நியான், கார்டினல், பச்சை நியான்: ஒரே பேரினம், மூன்று மீன்கள்

நீங்கள் கேட்டிருப்பவை மூன்று. ஒரு மாதத்துக்கு முன் வாங்கிய பத்து நியான் டெட்ராக்களில் ஏழு ஏன் ஒவ்வொன்றாக இறந்தன. அவற்றுக்குப் பதில் கார்டினல் டெட்ரா வாங்கினால் நிலைக்கும் என்று கடையில் சொன்னது சரியா. கார்டினல்களை ஆற்றிலிருந்து பிடித்து விற்கிறார்கள் என்பதால் அவற்றை வாங்குவது தவறா. இடையில் "இரண்டும் ஒரே மீன்தானே, ஒன்று கொஞ்சம் பெரியது, அவ்வளவுதானே" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியிலிருந்தே தொடங்குகிறேன். மூன்று கேள்விகளுக்குமான விடை அதை ஒட்டித்தான் இருக்கிறது.

இரண்டும் ஒரே மீன் அல்ல. பாராகைரோடான் என்னும் பேரினத்தில் மூன்று இனங்கள் உள்ளன: நியான் டெட்ரா, கார்டினல் டெட்ரா, பச்சை நியான் டெட்ரா. மூன்றுக்கும் உடலின் பக்கவாட்டில் மின்னும் நீலப் பட்டை உண்டு என்பதால் முதல் பார்வையில் குழப்பம் வருவது இயல்பே. ஆனால் ஒரு மீனைப் பக்கவாட்டில் நிறுத்திப் பார்த்தால் வேறுபாடு உடனே தெரிந்துவிடும். நியானில் சிவப்பு நிறம் உடலின் நடுப்பகுதியில்தான் தொடங்கி வாலடிவரை போகும். வயிற்றின் முன்பாதி வெள்ளி போல வெளுத்திருக்கும். நீலப் பட்டை, முதுகில் வாலுக்கு முன்னால் இருக்கும் சிறிய கொழுப்புத் துடுப்பை நெருங்கியதும் நின்றுவிடும். கார்டினலில் சிவப்பு தலைப்பகுதியிலிருந்தே தொடங்கி உடலின் கீழ்ப்பாதி முழுவதையும் நிறைத்திருக்கும். பச்சை நியானில் சிவப்பு மங்கலாக, சில மீன்களில் ஏறக்குறைய இல்லாததுபோல் இருக்கும். நீலப் பட்டையோ பச்சைச் சாயலோடு வாலடிவரை நீண்டு செல்லும். அளவிலும் வரிசை உண்டு: தொட்டியில் நன்கு வளர்ந்த கார்டினல் 4 முதல் 5 சென்டிமீட்டர் வரையும், நியான் 3 சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டியும், பச்சை நியான் 2 அல்லது 2.5 சென்டிமீட்டர் அளவிலும் இருக்கும்.

இந்த மூன்றையும் ஒரே பேரினத்தில் சேர்ப்பதற்கே அறிவியலுக்கு நெடுங்காலம் பிடித்தது. 1930களில் ஒகுஸ்த் ரபோ என்ற பிரெஞ்சுக்காரர் மேல் அமேசான் பகுதியில் சேகரித்த நியான் மீன்கள் ஐரோப்பா வழியாக அமெரிக்காவுக்கு வந்தன. 1936இல் மீனியலாளர் ஜார்ஜ் மையர்ஸ் அதற்கு அறிவியல் பெயர் சூட்டி, மீன்வளர்ப்பு இதழ் ஒன்றை நடத்திவந்த வில்லியம் இன்னெஸைச் சிறப்பிக்கும் வகையில் "இன்னெசி" என்று அழைத்தார். கார்டினலின் கதை இன்னும் விறுவிறுப்பானது. 1956 பிப்ரவரி 20 என்ற தேதியோடு லெனார்ட் ஷுல்ட்ஸ் அதற்கு "ஆக்செல்ரோடி" என்று பெயரிட்டு வெளியிட்டார். அடுத்த நாளான பிப்ரவரி 21 என்ற தேதியோடு மையர்ஸும் ஸ்டான்லி வைட்ஸ்மனும் அதே மீனுக்கு "கார்டினாலிஸ்" என்று பெயரிட்டு வெளியிட்டார்கள். முந்தி வந்த பெயருக்கே உரிமை என்பது விலங்குப் பெயரிடலின் அடிப்படை விதி என்பதால், ஒரே ஒரு நாள் வித்தியாசம் பெரும் வழக்காகி, 1957இல் அனைத்துலக விலங்கியல் பெயரிடல் ஆணையம் ஷுல்ட்ஸின் பெயரையே ஏற்றது. பச்சை நியானை 1963இல் விவரித்தவர் ஜாக் ஜெரி. பாராகைரோடான் என்ற பேரினத்தை 1960இல் உருவாக்கியவரும் அவரே. மூன்றும் நெருங்கிய உறவினர் என்பதையும் ஒரே பேரினத்தில் அடங்கவேண்டியவை என்பதையும் எலும்பமைப்பைக் கொண்டு வைட்ஸ்மனும் வில்லியம் ஃபிங்க்கும் 1983இல் விரிவாக நிறுவினார்கள்.

மீன் வளர்ப்பவருக்கு இந்த வரலாற்றைவிட முக்கியமானது, மூன்றும் எந்த நீரில் வாழ்கின்றன என்பதுதான். நியானின் தாயகம் அமேசானின் மேற்குப் பகுதி. பெரு, கொலம்பியா, பிரேசில் ஆகிய மூன்று நாடுகளும் சந்திக்கும் வட்டாரத்தின் நிழலடர்ந்த காட்டோடைகளில் அது வாழ்கிறது. கார்டினலும் பச்சை நியானும் ரியோ நெக்ரோ, ஒரினோக்கோ ஆகிய ஆறுகளின் மேற்பகுதிகளைச் சேர்ந்தவை. ரியோ நெக்ரோவின் நீர் கலங்கலே இல்லாமல், அடர்ந்த தேநீர் நிறத்தில் ஓடுகிறது. மணற்பாங்கான பழைய நிலத்தில் விழுந்து மக்கும் இலைகளிலிருந்து கரையும் ஹ்யூமிக், ஃபல்விக் அமிலங்கள்தான் அந்த நிறத்தைத் தருகின்றன. அந்த நீரில் சுண்ணாம்புச் சத்தும் பிற உப்புகளும் ஏறத்தாழ இல்லை என்றே சொல்லலாம், பி.எச். அளவு (7க்குக் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) பல இடங்களில் 4க்கும் 5க்கும் இடையில் இருக்கும். பெரும்பாலான நன்னீர் மீன்களை அப்படிப்பட்ட நீரில் விட்டால், அவற்றின் உடலிலுள்ள சோடியம் செவுள்கள் வழியே வெளியேறிக்கொண்டே போய் அவை இறந்துவிடும். பாராகைரோடான் மீன்களின் செவுள்கள் அந்த இழப்பைக் கட்டுப்படுத்துவதோடு, அமிலம் மிகுந்த நீரிலும் சோடியத்தைத் தடையின்றி உள்ளிழுக்கக்கூடியவை என்பதை 1990களின் இறுதியிலிருந்து செய்யப்பட்ட உடலியங்கியல் சோதனைகள் காட்டியிருக்கின்றன. இவ்வளவு சிறிய உடலுக்குள் இப்படியொரு திறன் இருப்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. இந்த மீன்களை அழகுப்பொருளாக மட்டும் பார்ப்பவர்கள் அவற்றில் பாதியைத்தான் பார்க்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

இதிலிருந்து, கடினநீரில் இவை வாழவே வாழா என்ற முடிவுக்கு வந்துவிட வேண்டாம். கடைகளில் விற்கப்படும் நியான்களில் மிகப் பெரும்பாலானவை ஆசியாவிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் உள்ள பண்ணைகளில் பல தலைமுறைகளாகப் பெருக்கப்பட்டவை. ஓரளவு கடினமான, பி.எச். 7ஐ ஒட்டிய நீரிலும் அவை நன்றாகவே இருக்கும். ஆற்றிலிருந்து வரும் கார்டினலுக்கும், ஏறக்குறைய எப்போதும் ஆற்றிலிருந்தே வரும் பச்சை நியானுக்கும் அந்த நெகிழ்வு குறைவு. மென்மையான, சற்று அமிலத்தன்மை கொண்ட நீர் அவற்றுக்கு உண்மையிலேயே தேவை. வெப்பநிலையில் வரிசை தெளிவாகவே இருக்கிறது. நியானுக்கு 21 முதல் 25 பாகை செல்சியஸ் ஏற்றது. கார்டினலுக்கு 25 முதல் 28 வரை. பச்சை நியான் 30 பாகையையும் தாங்கும், ஏனெனில் இயற்கையில் அது வெயில்படும் ஆழமற்ற நீர்ப்பரப்புகளிலும் கூட்டமாக வாழ்கிறது. உங்கள் தொட்டியின் வெப்பநிலை 29 பாகை என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். அது நியானுக்கு அதிகம். அந்த வெப்பத்தில் மீன் உடனே சாகாது. ஆனால் நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைய, மீனின் ஆக்சிஜன் தேவை கூட, பயணக் களைப்போடு வந்த மீனுக்கு மீண்டுவரும் வலு இல்லாமல் போகிறது.

இனி இறப்புகளைப் பற்றி. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், ஒரே காரணம் அல்ல, இரண்டு காரணங்கள் அடுத்தடுத்து வந்திருக்கின்றன என்றுதான் தோன்றுகிறது. தொட்டியில் நீர் நிரப்பி இரண்டு வாரத்தில் பத்து மீன்களையும் ஒரே நாளில் விட்டிருக்கிறீர்கள். முதல் நான்கு மீன்கள் முதல் பத்து நாட்களுக்குள் இறந்திருக்கின்றன. மீன்கள் வெளியேற்றும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் வடிகட்டியில் குடியேறிப் பெருக ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகும். அதுவரை தொட்டி பார்ப்பதற்குக் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தாலும் மீனுக்கு நஞ்சுதான். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூச்சியம் என்று சோதனைக் கரைசல் தொடர்ந்து காட்டும்வரை இந்தப் பேரினத்தின் எந்த மீனையும் விடக்கூடாது. அதற்குப் பிறகும் ஓரிரு மாதம் ஓடிய தொட்டியில் விடுவதே மேல் என்பது என் உறுதியான கருத்து. தாவரங்களும் பாசியும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் நிலைத்துவிட்ட பழைய தொட்டியில் நியான்கள் காட்டும் தெம்பு, புதுத் தொட்டியில் எத்தனை மருந்து ஊற்றினாலும் வராது.

பின்னால் இறந்த மூன்றில் இரண்டின் முதுகில், துடுப்புக்குக் கீழே தோலுக்கடியில் வெண்மையான திட்டு இருந்ததாகவும், அவை கூட்டத்தைவிட்டு விலகி நின்றதாகவும் எழுதியிருப்பதுதான் எனக்குக் கவலையளிக்கிறது. நியான் டெட்ரா நோய் என்று அழைக்கப்படுவதன் அடையாளங்கள் இவையே. பிளைஸ்டோஃபோரா ஹைஃபெசோபிரைகோனிஸ் என்ற, வித்துகளால் பரவும் மைக்ரோஸ்போரிடியா வகை நுண்ணிய ஒட்டுண்ணி இதற்குக் காரணம். 1941இல் வில்ஹெல்ம் ஷேப்பர்கிளௌஸ் இதை விவரித்தார். அதன் வித்துகள் உணவோடு, பெரும்பாலும் இறந்த மீனின் சதையோடு, குடலுக்குள் போய், அங்கிருந்து தசைகளை அடைந்து பெருகுகின்றன. தசைநார்கள் அழிந்து அவ்விடத்தில் வித்துகள் நிறைந்த பைகள் உருவாவதால்தான் வெளியிலிருந்து பார்க்கும்போது உடலின் உள்ளே சுண்ணாம்பு படிந்தது போன்ற வெளிறல் தெரிகிறது. மீன் இரவிலும் அமைதியின்றி அலையும், பட்டையின் நிறம் துண்டுதுண்டாக மறையும், மெலியும், முற்றிய நிலையில் முதுகெலும்பு வளைந்துவிடும். நம்பிக்கையோடு பரிந்துரைக்கக்கூடிய மருந்து இதற்கு இல்லை. நோய்கண்ட மீனை உடனே பிரிப்பதும், இறந்த மீனை மற்றவை கொத்தித் தின்னும் முன் எடுத்துவிடுவதும் தவிர வழியில்லை. நியானின் பெயரைத் தாங்கியிருந்தாலும் இந்த ஒட்டுண்ணி வேறு பல மீன்களையும் தொற்றக்கூடியது. கார்டினல்கள் மட்டும் ஓரளவு எதிர்த்து நிற்பதாக வளர்ப்பவர்கள் நெடுங்காலமாகக் கவனித்திருக்கிறார்கள். உங்கள் கடைக்காரர் அதை மனத்தில் வைத்துச் சொல்லியிருக்கலாம்.

ஆனால் திட்டு தெரிந்ததாலேயே இந்த நோய்தான் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோயும் ஏறக்குறைய இதே தோற்றத்தைத் தரும். வளர்ப்பவர்கள் இதைப் போலி நியான் நோய் என்பார்கள். அதில் வெளிறல் பெரும்பாலும் தோலின் மேற்பரப்பிலோ வாயோரத்திலோ துடுப்பிலோ தொடங்கி, சில நாட்களிலேயே பரவி மீனைக் கொன்றுவிடும். ஒட்டுண்ணி நோயோ வாரக்கணக்கில் மெல்ல முற்றும். காலம்னாரிஸைத் தொடக்கத்திலேயே கண்டால் பாக்டீரியாக் கொல்லி மருந்துகளுக்குக் கட்டுப்படும். ஐயமின்றி அறிய வேண்டுமானால், இறந்த மீனின் தசையில் சிறு துணுக்கை நுண்ணோக்கியில் வைத்து வித்துகள் இருக்கின்றனவா என்று பார்ப்பதே வழி. மீன் நோய் தெரிந்த கால்நடை மருத்துவர் அதைச் செய்து தருவார்.

நிறம் மங்குவதெல்லாம் நோய் என்று எண்ணிவிடக்கூடாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் புதிதாக வளர்ப்பவர்களைப் பெரிதும் பதற வைப்பது இதுதான். விடியுமுன் இருட்டில் இருக்கும் தொட்டியின் விளக்கைத் திடீரென்று போட்டுப் பாருங்கள். நீலப் பட்டை இருந்த இடத்தில் மங்கிய ஊதா இழை ஒன்று மட்டும் இருக்கும். சிவப்பும் வெளுத்து, மீனே கண்ணாடித் துண்டுபோல் தெரியும். கொஞ்ச நேரம் காத்திருந்தால் பட்டை ஊதாவிலிருந்து நீலத்துக்கும், நீலத்திலிருந்து நீலப்பச்சைக்கும் ஏறிவருவதை உங்கள் கண்ணாலேயே காணலாம். சிவப்பைத் தருவது நிறமி. நீலத்தைத் தருவது நிறமியே அல்ல. பட்டையிலுள்ள தோல் செல்களுக்குள் குவானின் என்ற பொருளின் மெல்லிய படிகத் தட்டுகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளி அலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்துவதால்தான் குறிப்பிட்ட நிறம் மட்டும் மின்னுகிறது. சன்னலில் தொங்கும் பலகைத் திரையின் பட்டிகளைச் சாய்ப்பதுபோல இந்தத் தட்டுகள் சாயும்போது அவற்றுக்கிடையிலான இடைவெளி மாறி, நிறமும் மாறுகிறது என்பதை 2011இல் ஜப்பானிய இயற்பியலாளர்கள் அளந்து காட்டினார்கள். 2015இல் எக்ஸ்-கதிர் ஆய்வும் அதை உறுதிசெய்தது. எனவே இரவில் மங்குவது உறக்கத்தின் அடையாளம். விளக்கு எரிந்து ஒரு மணி நேரம் ஆன பின்னும் ஒரு மீன் மட்டும் மங்கலாகவே இருந்தால்தான் அது கவனிக்க வேண்டிய அடையாளம்.

அடர்நிற நீரில் இவ்வளவு மின்னுவது எதிரிகளைக் கூப்பிட்டு இழுக்காதா என்ற ஐயம் உங்களுக்கு எழலாம். 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கொரு கருதுகோளை முன்வைத்தது: அந்த நீரில் பட்டை குறுகிய கோணத்தில் பார்த்தால்தான் பளிச்சிடுகிறது, நீர்ப்பரப்பின் அடிப்பக்கத்தில் விழும் அதன் பிம்பமோ தெளிவாகத் தெரிந்து, வேட்டையாடும் மீனை உண்மையான மீனிலிருந்து திசைதிருப்புகிறது. இது இன்னும் கருதுகோள்தான் என்றாலும், தொட்டியில் விளக்கைக் குறைத்து, அடித்தரையைக் கருமையாக்கி, மேலே மிதக்கும் செடிகளை விட்டால் மீன்களின் அச்சம் குறைந்து நிறம் பன்மடங்கு கூடுவதை யாரும் சோதித்துப் பார்க்கலாம். வெள்ளை மணலும் கூசும் விளக்கும் இந்தப் பேரினத்துக்கு எதிரி.

கார்டினல்களை ஆற்றிலிருந்து பிடிப்பது பற்றி நீங்கள் கொண்டிருக்கும் கவலை மதிக்கத்தக்கது. ஆனாலும் உண்மை நிலை வேறு என்பதை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பிரேசிலின் அமேசோனாஸ் மாநிலத்தில், மனாஸ் நகரிலிருந்து ரியோ நெக்ரோவில் பல நூறு கிலோமீட்டர் மேலே பார்செலோஸ் என்ற ஊர் இருக்கிறது. பியாபெய்ரோ என்று அழைக்கப்படும் மீனவர்கள் சிறு படகில் ஓடைகளுக்குள் போய், துடுப்பால் மீன்கூட்டத்தை மெதுவாக ஓட்டி, ரப்பிஷே என்ற பெரிய கைவலைக்குள் செலுத்தி, அடிபடாமல் அள்ளியெடுக்கிறார்கள். மீன்கள் படகில் மனாஸுக்குப் பயணமாகி அங்கிருந்து உலகமெங்கும் போகின்றன. அந்த ஆற்றின் நீர்மட்டம் ஆண்டுதோறும் பல மீட்டர் ஏறி இறங்குகிறது. வெள்ளக் காலத்தில் காட்டுக்குள் பரவி இனம்பெருக்கும் கார்டினல்கள், நீர் வடியும்போது சுருங்கும் ஓடைகளிலும் குட்டைகளிலும் ஒடுங்கி, பெருமளவில் பிற மீன்களுக்கும் பறவைகளுக்கும் இரையாகின்றன அல்லது குட்டையோடு காய்ந்துபோகின்றன. இயற்கையில் பெரும்பாலானவற்றின் வாழ்நாள் ஓராண்டை ஒட்டியே முடிந்துவிடுகிறது. நல்ல தொட்டியில் அதே மீன் நான்கைந்து ஆண்டுகள் வாழும்.

அதைவிட முக்கியமானது காடு. மீன்பிடிப்பு வருவாய் தரும்வரை, அந்தக் காட்டை வெட்டாமல் வைத்திருப்பதில் மீனவர் குடும்பங்களுக்கு நேரடியான நன்மை இருக்கிறது; அந்த வருவாய் போனால் மரம் வெட்டுதல், சுரங்கம், மாடு மேய்ப்பு ஆகியவற்றின் பக்கம்தான் போயாக வேண்டும். இதை உணர்ந்து நிங் லாபிஷ் சாவ் என்ற மீனியலாளர் 1989இல் தொடங்கிய பியாபா திட்டம், "ஒரு மீனை வாங்கு, ஒரு மரத்தைக் காப்பாற்று" என்ற முழக்கத்தோடு இன்றும் நடக்கிறது. அந்த ஊரில் ஆண்டுதோறும் நடக்கும் அலங்கார மீன் திருவிழாவில் மக்கள் கார்டினல் அணி, டிஸ்கஸ் (தட்டு வடிவ அலங்கார மீன்) அணி என்று இரண்டாகப் பிரிந்து ஆடிப்பாடிப் போட்டியிடுகிறார்கள். பண்ணையில் பெருக்கிய கார்டினல்கள் சந்தையில் கூடிவிட்டதால் அந்த மீனவர்களின் பிழைப்பு நலிந்துவருவதுதான் இன்று வருந்தத்தக்க செய்தி. ஆகவே, கவனமாகப் பிடித்து, கவனமாகக் கொண்டுவந்த ஆற்றுக் கார்டினலை வாங்குவது தவறில்லை. என்னைக் கேட்டால் பண்ணை மீனைவிட அதையே தேர்ந்தெடுப்பேன். அதை இரண்டு வாரத் தொட்டியில் விட்டுச் சாகடிப்பதுதான் தவறு.

கூட்டாளிகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஏஞ்சல் மீன் கூடாது. வளர்ந்த ஏஞ்சலுக்கு நியான் வாய்க்குச் சரியான அளவிலான இரை. 28 பாகையை ஒட்டி வைக்கப்படும் டிஸ்கஸோடு கார்டினல் ஒத்துப்போகும், நியான் ஒத்துப்போகாது. கோரிடோராஸ், பென்சில் மீன், ஓட்டோசிங்க்ளஸ் போன்ற சாதுவான மீன்கள் போதும். பத்துக்குக் குறையாமல் வைத்தால்தான் கூட்டமாக நீந்தும் இயல்பு வெளிப்படும்.

இனப்பெருக்கம் தனியாக எழுத வேண்டிய அளவுக்குப் பெரியது என்பதால் சுருக்கமாக: ஏறக்குறைய கடினத்தன்மையே இல்லாத, பி.எச். 5 முதல் 6 வரையிலான நீர், இருட்டு, மெல்லிய இலைப்பாசி, இணை சேர்ந்த பின் பெற்றோரை வெளியே எடுப்பது ஆகியவை இன்றியமையாதவை. முட்டைகள் வெளிச்சம் தாங்காது. ஒரு நாளில் பொரிந்து, நான்கு ஐந்து நாட்களில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும். முதல் உணவு இன்ஃபுசோரியா என்ற நுண்ணுயிர்கள், பிறகு ஆர்ட்டீமியா என்ற சிற்றிறாலின் குஞ்சுகள்.

இப்போது உங்கள் தொட்டியில் மீதமிருக்கும் மூன்று நியான்களுக்கு வருவோம். கார்டினலோ வேறு எதுவோ இப்போது வாங்க வேண்டாம். ஹீட்டரைக் குறைத்து, இரண்டு மூன்று நாட்களில் படிப்படியாக 25 பாகைக்குக் கொண்டுவாருங்கள். நைட்ரைட் இருக்கிறதா என்று நாள்தோறும் சோதித்து, இருந்தால் குளோரின் நீக்கிய நீரால் கால் பங்கை மாற்றுங்கள். வடிகட்டியின் பஞ்சைக் குழாய்நீரில் கழுவாமல் தொட்டி நீரிலேயே அலசுங்கள். பி.எச்.ஐக் குறைக்கும் திரவங்களை ஊற்ற வேண்டாம், ஏனெனில் சுண்ணாம்புச் சத்துள்ள நீரில் அந்த அளவு இறங்கி மறுநாளே ஏறிவிடும், அந்த ஏற்ற இறக்கமே மீனை வதைக்கும். நீரை மென்மையாக்க வேண்டுமானால் ஆர்.ஓ. நீரை வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கலப்பதும், காய்ந்த நாட்டு வாதுமை மரச் சருகுகள் இரண்டை இடுவதும் போதும். இந்த மூன்று மீன்களும் எட்டு வாரங்கள் திட்டு ஏதுமின்றி, நிறம் குன்றாமல் இருந்தால், அதன்பின் புதிய மீன்களைத் தனித்தொட்டியில் நான்கு வாரம் வைத்துப் பார்த்துச் சேர்க்கலாம். அதற்குள் மறுபடி வெண்திட்டு தோன்றி, நுண்ணோக்கியில் வித்துகளும் உறுதியானால், தொட்டியைக் காலிசெய்து, வடிகட்டிப் பஞ்சையும் செடிகளையும் அப்புறப்படுத்தி, கண்ணாடியையும் கருவிகளையும் வலைகளையும் பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்துக் கழுவி நன்றாகக் காயவிட்ட பிறகே மீண்டும் தொடங்க வேண்டும்.